கிழக்கே கடல் என்று எழுதியது யார்?

புதுக்குடியிருப்பு,
பெரியபட்டினம் வழி.
18 ஜனவரி 2025

மரியாதைக்குரிய லோன் மேடம் முருகலட்சுமி அவர்களுக்கு,

அஃபீஃபா எழுதுகிறேன். எந்த அஃபீஃபா என்று பைலைப் புரட்ட வேண்டாம். ராமநாதபுரம் கல்லூரியில் மூன்று வருடம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் புளிச்சோற்றில் பாதியைத் தின்று தீர்த்த அதே ஆள்தான்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பீர்கள். உங்கள் நம்பரை நான் பிளாக் செய்து நான்கு மாதம் ஆகிறது. போனில் பேசினால் நான் கத்துவேன், நீங்கள் "சொல்லு அஃபீ, சொல்லு அஃபீ" என்று தேற்றுவீர்கள், கடைசியில் நான் அழுதுவிட்டு வைத்துவிடுவேன். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

நேற்று ஜும்மா தொழுகை முடிந்து தெருவே நிறைந்திருந்த நேரம் பார்த்து உங்கள் வீட்டுக் கடன் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். வாசல் சுவரில் பசை தடவி ஏல நோட்டீசை ஒட்டினார்கள். பிப்ரவரி 27, காலை பதினொரு மணிக்கு என் வீடு ஏலம். ஒட்டியதற்கு ஆதாரமாகப் படம் எடுக்க வேண்டும், பக்கத்தில் நில்லுங்கள் என்றார்கள். முடியாது என்றேன். உம்மா வந்து நின்றார்கள், ஏதோ நல்ல காரியத்துக்குப் படம் எடுக்கிறார்கள் என்று நினைத்து, முக்காட்டைச் சரி செய்துகொண்டு.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் ஒன்பது லட்சம் கேட்டேன். நீங்கள் பதினெட்டு கொடுத்தீர்கள். "வீட்டு மதிப்பு கூட வருது, வாங்கிக்க, மாடி எடுத்துரு" என்று சொன்னது நீங்கள். எங்கள் பக்கம் வீடு மகளுக்கு. மாப்பிள்ளைதான் வந்து தங்குவார். அதுவரை வாய்வார்த்தையாக இருந்த அந்த வழக்கத்தை, "மக பேருக்குப் பத்திரமா எழுதிருங்க வாப்பா, பொம்பளப் பேருன்னா வட்டி குறையும்" என்று என் வாப்பாவிடம் சொல்லி எழுத வைத்ததும் நீங்கள். அப்படியே எங்கள் தெருவில் முப்பத்தொரு பெண்களிடம் கையெழுத்து வாங்கினீர்கள். உம்மா, "வட்டிக் காசா இது?" என்று கேட்டபோது, "வட்டி இல்லம்மா, தவணை" என்று சிரித்தீர்கள். வட்டி எங்களுக்கு ஹராம் என்று தெரிந்த நீங்கள்தான் அப்படிச் சொன்னீர்கள்.

என் வீட்டுக்காரர் ஜாபர் வேலை பார்த்த சவூதி தம்மாம் கம்பெனி போன வருடம் மூடிவிட்டது உங்களுக்குத் தெரியும். தெருவில் பாதிப் பேருக்கு அதே கம்பெனிதான். ஒருவரை ஒருவர் கூட்டிக்கொண்டு போனவர்கள். எட்டு மாதமாகத் தவணை கட்டவில்லை. இப்போது தெருவில் யாரைத் திட்டுவது என்பதற்கே தினமும் கூட்டம். பக்கத்து வீட்டு சூஃபியா லாத்தா உங்களைத் திட்டுகிறார். அவர் வீட்டுக்காரர் அவரைத் திட்டுகிறார். சிலர் தம்மாமைத் திட்டுகிறார்கள், சிலர் கொரோனாவை. முதல் ஏல நோட்டீஸ் எனக்கு. மீதி முப்பது வீடும் பின்னால் வரிசையில் நிற்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். என் பைலின் நகல் வேண்டும். நான்கு வருடமாகக் கேட்கிறேன், அதில் ஒரு தாள்கூட என் கையில் கொடுத்ததில்லை. பழைய புளிச்சோற்றுக்காகவாவது அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கடன் எண் 0417,
அஃபீஃபா

*

திருவாடானை
24 ஜனவரி 2025

அஃபீ,

"மேடம்" என்று எழுதியிருந்தாய். அதைப் பஸ் ஸ்டாண்டில் வைத்துப் பிரித்தேன், இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன். இனி ஆபீசுக்கு எழுதாதே, உறையின் பின்னால் வீட்டு விலாசம் இருக்கிறது. போனும் வேண்டாம். என் போன் கம்பெனி கொடுத்தது, பேசுவதெல்லாம் பதிவாகிறது.

நீ எழுதியதில் பொய் இல்லை. ஆனால் பாதிதான் எழுதியிருக்கிறாய். ஒன்பது கேட்டாய், பதினெட்டு வந்தது. அன்றைக்கு நீ கோபப்படவில்லை. மாடிக்கு டைல்ஸ் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு ராமநாதபுரம் பூராவும் அலைந்தாய். மயில் கழுத்து நிறம்தான் வேண்டும் என்று மூன்று கடை ஏறினோம். வட்டி மாறும், ஏறும் இறங்கும் என்று நான் சொன்னேன். "இறங்குனா சொல்லு, ஏறுனா சொல்லாத" என்று நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அது என் தப்புதான்.

மாதம் முப்பது கடன் பைல் கேட்டார் மேனேஜர் மருதுபாண்டி சார். இருபத்தொன்பது கொடுத்தால் அந்த மாத ஊக்கத்தொகை கிடையாது. அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், அவரிடம் மதுரையிலிருந்து ஒருவர் நூறு கேட்டார். மதுரையிடம் சென்னை கேட்டது. கடைசியில் கேட்டவர் யார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. என் அய்யாவுடைய உத்தரகோசமங்கை வீட்டின் மேலும் இதே கம்பெனிக் கடன் இருக்கிறது, ஊழியர் சலுகையில் வாங்கியது. வேலை போனால் சலுகையும் போகும். இதை உன்னிடம் இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் இரக்கத்துக்காகவும்தான்.

நகல் இதோடு இருக்கிறது. மதிய இடைவேளையில் எல்லோரும் சாப்பிடப் போனபோது எடுத்தேன். ஜெராக்ஸ் மெஷின் சத்தம் போட்டபோது எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. யார் கொடுத்தது என்று கேட்டால், தபாலில் வந்தது என்று சொல். அது உண்மைதானே.

முருகலட்சுமி

*

புதுக்குடியிருப்பு
31 ஜனவரி 2025

லட்சுமி,

மேடமும் இல்லை ஒன்றும் இல்லை, நீ என் லட்சுமிதான், இன்றைக்கு மட்டும். அவசரத்தில் எழுதுகிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

உன் நகலை எடுத்துக்கொண்டு ராமநாதபுரத்தில் வக்கீல் பூங்கோதை மேடத்திடம் போனேன். அதிகம் பேசாதவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் படிப்பவர். பத்தாவது பக்கத்தில் நிறுத்தினார்.

"ஏம்மா, ஒங்க வீட்டுக்குக் கிழக்கயா கடல் இருக்கு?"

"இல்ல மேடம், தெக்க. எங்க ஊரு பூராவும் தெக்கதான் கடல்."

"இதுல கீழ்ப்புறம் கடல்னு போட்டிருக்கே."

நான் தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். பத்திரத்தில் நான்கு எல்லை எழுதுவார்கள் இல்லையா, அது இப்படி இருக்கிறது: கிழக்கே கடல், மேற்கே ரோடு, தெற்கே சூஃபியா வீடு, வடக்கே காலி மனை. லட்சுமி, சூஃபியா லாத்தா வீடு எனக்குக் கிழக்கே இருக்கிறது. ரோடு வடக்கே இருக்கிறது. தெற்கே இருப்பது கடல், அங்கே சூஃபியா லாத்தாவைக் குடிவைத்திருக்கிறார்கள்.

அன்று பஸ்ஸில் எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்றே தெரியவில்லை. வந்ததும் முற்றத்தில் நின்று போனில் திசைகாட்டியைத் திறந்தேன். தெற்கு, தெற்கு, தெற்குதான். சத்தம் கேட்டு தெருவே வந்துவிட்டது. ஒவ்வொருத்தியும் வீட்டுக்குள் ஓடி, அரிசி டின்னிலும் மெத்தைக்கு அடியிலும் வைத்திருந்த, பாக்கியைக் கட்டச் சொல்லி வந்த டிமாண்ட் நோட்டீசை எடுத்து வந்தாள். எல்லாம் ஆங்கிலம், ஒன்பது பக்கம். முதல் பக்கத்தில் தொகையைப் பார்த்ததும் எங்களுக்குத் தலை சுற்றிவிடும், கடைசிப் பக்கம் வரை யாரும் போனதில்லை. இப்போது போனோம். முப்பத்தொன்றிலும் கிழக்கே கடல். காகிதத்தில் எங்கள் தெரு மொத்தமும் திரும்பி நிற்கிறது. சூஃபியா லாத்தா சிரித்துச் சிரித்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். எட்டு மாதத்தில் இந்தத் தெருவில் கேட்ட முதல் சிரிப்பு அது.

பூங்கோதை மேடம் ரொம்பக் குதிக்காதே என்கிறார். "கடன் எங்கயும் போயிராது. ஆனா இந்த நாலு எல்லைக்குள்ள வீடே இல்லாதப்ப எத ஏலம் விடுவாங்க?" என்று கேட்டார். மதுரையில் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனு போடுகிறார். பைலில் ஒரு மதிப்பீட்டு இன்ஜினியர், "நேரில் பார்வையிட்டு அளந்தேன்" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். எங்கள் தெருவுக்கு எந்த இன்ஜினியரும் வரவில்லை. வராமலே எழுதினார்கள் என்று கம்பெனி ஆள் ஒருவர் வந்து சொன்னால் ஏலத்துக்குத் தடை நிச்சயம் என்கிறார் மேடம்.

ஆகவே, கிழக்கே கடல் என்று எழுதிய அந்த மகாராசனைக் கண்டுபிடி. நிச்சயம் இந்தப் பக்கத்து ஆள் கிடையாது. கடலைப் பள்ளிக்கூட மேப்பில் மட்டும் பார்த்தவன். அவனைத் திட்ட மாட்டேன், வேண்டுமானால் பிரியாணி போடுகிறேன். இருபத்தேழு நாள்தான் இருக்கிறது.

அஃபீ

*

திருவாடானை
6 பிப்ரவரி 2025

அஃபீ,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். முதலில் தெரியாது என்று எழுதினேன். பிறகு விசாரிக்கிறேன் என்று எழுதினேன்.

அது அவன் இல்லை. நான்தான்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. ஐப்பசி மழை, உன் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தோம். உன் வாப்பா பெயரிலிருந்து உன் பெயருக்குப் பத்திரம் எழுத எல்லை விவரம் வேண்டும் என்றேன். நீ இஞ்சித் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே சொன்னாய், "எழுதிக்க. வீட்டுக்குக் கீழ கடல், மேல ரோடு, அங்கன சூஃபியா லாத்தா வீடு, இங்கன காலி மனை."

எங்கள் ஊரில் கீழ என்றால் கிழக்கு. கீழத்தெரு, மேலத்தெரு, கீழ வயல், மேல வயல், கோயில் கீழ வாசல். பிறந்ததிலிருந்து வேறு அர்த்தம் எனக்குத் தெரியாது. கடல் கிழக்கே என்பதும் சரியாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன், தமிழ்நாட்டுக்கே கடல் கிழக்கேதானே. கிழக்கும் மேற்கும் வந்துவிட்டதால் அங்கனவைத் தெற்கு என்றும், இங்கனவை வடக்கு என்றும் நானே போட்டுக்கொண்டேன். உன் கடிதம் வந்த பிறகுதான் புரிகிறது. நீங்கள் கடற்கரைக்கு இறங்கிப் போவதைத்தான் கீழ போறேன் என்பீர்கள். தாழ்வான பக்கம் கீழ, மேடான பக்கம் மேல.

கொல்லைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்திருந்தால் போதும். அலைச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மழை பெய்தது, அன்றைக்கு இன்னும் ஐந்து பைல் பாக்கி இருந்தது. நீ சொன்னதைக் குறித்துக்கொண்ட துண்டுச்சீட்டைப் பார்த்துத்தான் மற்ற முப்பதையும் எழுதினேன், பக்கத்து வீட்டுப் பெயரை மட்டும் மாற்றி. இன்ஜினியர் வரவில்லை. ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் முப்பத்தொரு பைலையும் உட்கார்ந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டார். ஒரு வடைகூட ஆறவில்லை. அவரைக் கூட்டி வந்தது நான், வடைக்குக் காசு கொடுத்ததும் நான்.

என்னால் வர முடியாது அஃபீ. வந்து சொன்னால் அன்றைக்கே வேலை போகும், அய்யா வீடு அடுத்து ஏலத்துக்கு நிற்கும். அய்யாவுக்கு இதெல்லாம் தெரியாது. நீ எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், மனசு கேட்கவில்லை. எழுதியது நான். சொன்னது நீ.

லட்சுமி

*

புதுக்குடியிருப்பு
11 பிப்ரவரி 2025

லட்சுமி,

படித்ததும் முதலில் உன்னை அடிக்க வேண்டும் போல இருந்தது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு கீழ போனேன். பார், இப்போதும் அப்படித்தான் எழுத வருகிறது. தெற்கே போனேன். தண்ணீரில் கால் நனைய நின்று யோசித்தேன்.

நீ பாதிதான் எழுதினாய் என்று என்னைச் சொன்னாயே, மீதியையும் எழுதிவிடுகிறேன். இதை ஜாபருக்குக்கூடச் சொன்னதில்லை.

கடன் மனுவில் ஜாபரின் சம்பளம் மூவாயிரத்து நூறு ரியால் என்று இருந்தது. அவர் வாங்கியது ஆயிரத்து நானூறு. கையெழுத்துப் போடும்போது அந்த எண்ணைப் பார்த்தேன். நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உண்மையைச் சொல்லட்டுமா, பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் மாப்பிள்ளை அவ்வளவு சம்பாதிப்பதாக ஒரு காகிதத்திலாவது இருக்கிறதே என்று இருந்தது. இரண்டு நாள் அந்த எண்ணையே நினைத்துக்கொண்டு வீட்டு வேலை பார்த்தேன்.

அப்புறம் மிக்சி. ஐந்து பேரைச் சேர்த்துவிட்டால் ஒரு மிக்சி என்று உங்கள் கம்பெனி அறிவித்ததே. நான் பதினொரு பேரைச் சேர்த்தேன். ஒன்று எனக்கு, ஒன்று உம்மாவுக்கு. சூஃபியா லாத்தாவின் வீட்டுப்படியில் உட்கார்ந்து, "பயப்படாதீங்க லாத்தா, முருகலட்சுமி நம்ம புள்ளதான்" என்று சொன்னது நான். தெருவில் உன்னைத் திட்டும்போதெல்லாம் நான்தான் சத்தமாகத் திட்டுவேன். யாராவது மிக்சியை ஞாபகப்படுத்திவிடுவார்களோ என்கிற பயம்.

வட்டி விஷயமும் அப்படித்தான். தவணை என்று நீ சொன்னதை நம்பியது உம்மா மட்டும்தான். எனக்கு அன்றைக்கே தெரியும். அல்லாஹ் மன்னிக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

ஆகவே யார் தப்பு என்று நான் இனி உன்னைக் கேட்க மாட்டேன். மனு போட்டாகிவிட்டது. பிப்ரவரி 20 வியாழக்கிழமை மதுரையில் விசாரணை. பத்தொன்பது பெண்கள் போகிறோம், வேன் பேசியாயிற்று. பாதிப் பேர் மதுரைக்குக் கல்யாணத் துணி எடுக்க மட்டும் போனவர்கள், கோர்ட்டுக்கு எந்தப் புடவை கட்டுவது என்று மூன்று நாளாகப் பேச்சு. பயமும் இருக்கிறது, திருவிழாவுக்குப் போகிற பரபரப்பும் இருக்கிறது. நேற்று உம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முக்காட்டைச் சரி செய்துகொண்டார்கள். பிறகு, "வேன்ல எனக்கு ஒரு எடம் வையி" என்றார்கள்.

உனக்கு நான் இடம் வைக்கச் சொல்லவில்லை. அய்யாவைப் பார்த்துக்கொள்.

அஃபீ

*

புதுக்குடியிருப்பு
21 பிப்ரவரி 2025

லட்சுமி,

நீ வந்துவிட்டாய்.

தீர்ப்பாயத்தில் பேசி முடித்ததும் நீ யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டாய். பின்னாலேயே ஓடி வந்தேன், அதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது. பிறகு நடந்தது உனக்குத் தெரியாது என்பதால் எழுதுகிறேன்.

கம்பெனி வக்கீல், எல்லையில் சின்னப் பிழை, கடன் கடன்தான் என்று வாதாடினார். பூங்கோதை மேடம் எழுந்தார். "ஐயா, கடலைத் தூக்கி இடம் மாத்தி வைக்கிறது சின்னப் பிழைன்னா, பெரிய பிழை எதுன்னு தெரியல" என்றார். விசாரித்த அதிகாரியே சிரிப்பை அடக்கக் கோப்பைப் புரட்டினார். நீ சொன்ன டீக்கடை, முப்பத்தொரு கையெழுத்து, எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டார்கள். ஏலத்துக்குத் தடை. ஆறு வாரத்துக்குள் நான் இரண்டு லட்சம் கட்ட வேண்டும், அரசாங்க சர்வேயர் வந்து தெருவை அளக்க வேண்டும், அடுத்த விசாரணை ஏப்ரல் 3. மற்ற முப்பது வீட்டுக்கும் அதுவரை யாரும் நோட்டீஸ் ஒட்ட முடியாது.

வேனில் வரும்போது பரமக்குடி தாண்டும் வரை பாட்டுதான். சூஃபியா லாத்தா வளையலைக் கழற்றி என் மடியில் போட்டார், "ரெண்டு லட்சத்துக்கு இதுல ஆரம்பி." பின்னாலேயே இன்னும் ஏழு பேர். உம்மா உன் பெயரைச் சொல்லித் துஆ கேட்டார்கள்.

நான் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும். அதிகாரி உன்னிடம் கேட்டார், "கிழக்கே கடல்னு யார் சொல்லி எழுதினீங்க?" நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். நீ என் பக்கமே திரும்பவில்லை. "யாரும் சொல்லல சார். நானா எழுதிக்கிட்டேன்" என்றாய்.

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் வீடு போய்விடுமோ என்று பயந்தேன். இதை எழுதும்போது முகம் சுடுகிறது.

எப்படி இருக்கிறாய் என்று எழுது. உடனே எழுது.

அஃபீ

*

உத்தரகோசமங்கை
9 மார்ச் 2025

அஃபீ,

நோன்பு தொடங்கியிருக்கும். உம்மாவுக்கு என் சலாம் சொல்.

நான் ஊருக்கு வந்துவிட்டேன். மதுரையிலிருந்து திரும்புவதற்குள் சஸ்பெண்ட் ஆர்டர் மெயிலில் வந்துவிட்டது. அதை எதிர்பார்த்துத்தான் வந்தேன், நீ உன் மீதிப் பாதியை எழுதிய பிறகு என்னால் வராமல் இருக்க முடியவில்லை. எதிர்பார்க்காதது ஒன்று நடந்திருக்கிறது. கம்பெனி போலீசில் புகார் கொடுத்திருக்கிறது. கடன்காரர்களோடு சேர்ந்து, பின்னால் ஏலத்தை முறிக்க வேண்டும் என்று திட்டம் போட்டே எல்லையை மாற்றி எழுதினேனாம். நான்கு வருடத்துக்கு முன்னாலேயே. அவ்வளவு புத்தி எனக்கு இருந்திருந்தால் நான் ஏன் வடைக்குக் காசு கொடுக்கப் போகிறேன்.

இரண்டு முறை ஸ்டேஷனுக்குப் போய்வந்தேன். எழுத்தர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார். "படிச்ச புள்ளைக்குத் திசை தெரியாதா? யார் சொல்லிக் குடுத்தா?" யாரும் இல்லை என்றேன். அய்யாவும் கூட வந்திருந்தார். வெளியே மரத்தடியில் நின்றவர், வீட்டுக்கு வந்து, "கடல் கெழக்கதானே இருக்கு, அதத்தானே எழுதுன, அதுல என்னத்தா தப்பு?" என்றார். அவருக்கு எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த வாரக் கடைசியில் வழக்குப் பதிவு செய்வார்களாம். ஜாமீனுக்குப் பூங்கோதை மேடத்திடமே போனேன். அவரிடம் மட்டும் தேத்தண்ணிக் கதையைச் சொன்னேன். கண்ணாடியை இறக்கிவிட்டு யோசித்தார். "அந்தப் பொண்ணு வந்து நான்தான் சொன்னேன்னு சொன்னா நீங்க தப்பிச்சிருவீங்க. ஆனா வீட்டுக்காரியே தப்பா சொல்லி எழுத வச்சான்னு கம்பெனி ஏப்ரல் மூணாந்தேதி தடையை உடைக்கும்" என்றார்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். வாயைத் திறக்காதே. முப்பத்தொரு வீட்டில் முதல் வீடு உன்னுடையது. அது விழுந்தால் மற்றதும் விழும். எனக்கு எது வந்தாலும் ஜாமீன் கிடைக்கும், வீட்டுக்கு ஜாமீன் கிடையாது. நான் கோபத்தில் எழுதவில்லை. பயத்தில் எழுதுகிறேன், அதை மறைக்கவில்லை. ஆனாலும் வேண்டாம்.

லட்சுமி

*

புதுக்குடியிருப்பு
15 மார்ச் 2025

லட்சுமி,

வாயைத் திறக்காதே என்று எழுதியிருந்தாய். நேற்றுத் திறந்துவிட்டேன்.

உன் கடிதத்தை முதலில் தனியாகப் படித்தேன். இஃப்தார் முடிந்ததும் தெருப் பெண்களைக் கூப்பிட்டு மாடியில் உட்கார வைத்து, அந்த மயில் கழுத்து டைல்ஸ் மேலேயே, சத்தமாகப் படித்தேன். கீழ கடல் என்று சொன்னது நான்தான் என்பதையும், என் சம்பளப் பொய்யையும் மிக்சியையும் சேர்த்துச் சொன்னேன். வீடு என்னுடையது மட்டும் என்றால் கேட்டிருக்க மாட்டேன், முப்பது பேருடைய கூரையையும் பணயம் வைக்க எனக்கு உரிமை இல்லை. சூஃபியா லாத்தாதான் முதலில் வாயைத் திறந்தார். "என் மனுவுல அவரு சம்பளம் நாலாயிரம்னு இருந்துச்சு. நானும் பாத்தேன்." அப்புறம் ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள், கணவர் சம்பளம் மூவாயிரம், நாலாயிரம், ஐயாயிரத்து ஐந்நூறு. காகிதத்தில் எங்கள் தெரு எவ்வளவு பணக்காரத் தெருவாக இருந்திருக்கிறது தெரியுமா? சிரித்தோம், அழுதோம், தராவீஹ் தொழுகை நேரம் தாண்டிவிட்டது. கடைசியில் லாத்தா, "போயி சொல்லிரு. அந்தப் புள்ள உள்ள போயி நாம மாடியில ஒறங்க முடியாது" என்றார். கை தூக்கச் சொன்னேன். இருபத்தேழு கை. நான்கு பேர் தூக்கவில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

பூங்கோதை மேடத்துக்குப் போன் செய்தேன். வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறை, "சரி, இன்ஜினியர் வரலங்கிறதையும் அழுத்திச் சொல்லு, விட்டுராத" என்றார்.

உம்மா கூட வர, நோன்போடு ஸ்டேஷனுக்குப் போனேன். நீ சொன்ன அதே எழுத்தர். நான் சொல்லச் சொல்ல எழுதினார். முதலில் அவருக்குப் புரியவில்லை.

"கீழன்னா கெழக்குத்தானே?"

"சார் எந்த ஊரு?"

"முதுகுளத்தூர்."

"அதான். எங்க ஊருல கீழன்னா கடக்கரைக்கு எறங்குற பக்கம். நான் எங்க ஊருச் சொல்லச் சொன்னேன். அவ அவ ஊருச் சொல்லுல கேட்டுக்கிட்டா. வந்து பாத்து அளந்தேன்னு கையெழுத்துப் போட்டு காசு வாங்குனவரு ரெண்டு பேரு ஊருக்கும் வரல. வந்திருந்தா, கொல்லக் கதவத் தொறந்த ஒடனே தெரிஞ்சிருக்கும்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். சொன்னதையெல்லாம் திரும்ப எழுதச் சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல். சம்பளம் மூவாயிரத்து நூறு என்று எழுதியிருந்ததைப் பார்த்தும் கையெழுத்துப் போட்டதை எழுதச் சொன்னேன். இரண்டு மிக்சியையும் எழுதச் சொன்னேன். முப்பது கேட்டவர், நூறு கேட்டவர், நூறு கேட்டவரிடம் கேட்டவர் எல்லாரையும் எழுதச் சொன்னேன். அவருக்குக் கை வலித்துவிட்டது. வெளியே வெயில் கொளுத்தியது, எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது, ஆனால் இத்தனை மாதத்தில் இவ்வளவு தெம்பாக நான் இருந்ததில்லை. உம்மா பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஏப்ரல் 3 என்ன ஆகும் என்று தெரியாது. வீடு நிற்கலாம், போகலாம். போனால் உம்மாவையும் கூட்டிக்கொண்டு உத்தரகோசமங்கைக்கு வாரேன், அய்யாவிடம் சொல்லிவை. அங்கே உன் கீழத்தெருவில் எனக்கு ஒரு வாடகை வீடு பார்.

கடைசியில் எழுத்தர் பேனாவை மூடப்போனார், பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு கேட்டார். "எல்லாஞ் சரிம்மா. யாரு தப்புன்னு ஒரு பேரு போடணுமே. யாரப் போட?"

"மொதல்ல என் பேரப் போடுங்க சார். மத்த பேருக்கு இந்தத் தாளு பத்தாது, இன்னொரு தாளு எடுங்க."

எடுத்தார்.

அஃபீ